கிபிர் முதல் 800 சிசி கார் வரை: மலைப்பாதைக்கு ஒரு விமானியின் கணக்கு

போர் விமானம் ஓட்டியவரைக் கண்டால் எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான். மாக் எத்தனை, அதாவது ஒலியைப்போல எத்தனை மடங்கு வேகம் போகும், எத்தனை ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு விசை தாங்கும்? ஓட்டுபவர்கள் தங்களுக்குள் பேசும்போது வேகம் அவ்வளவாக வராது. கையில் எவ்வளவு உயரம் இருக்கிறது, தாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, இந்தத் திருப்பத்தை முடித்த பிறகு என்ன மிஞ்சும் என்பதுதான் பேச்சு. இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் கொழுந்து லொறியை இறக்கும் சாரதியும் அதே கணக்கைத்தான் போடுகிறார். அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை 1960களில் எழுத்தில் வடித்தவர் அமெரிக்கப் போர் விமானி ஜோன் பொய்ட். கணிதம் தெரிந்த தோமஸ் கிறிஸ்டியும் அவரோடு சேர்ந்து உழைத்தார். உயரமும் வேகமும் ஒரே சக்தியின் இரண்டு வடிவங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கலாம் என்பது அதன் சாரம். வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 19.6 ஆல் பிரித்தால் அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வந்துவிடும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கடல் மட்டத்தில் பறக்கும் ஜெட்டுக்கு விடை ஏறத்தாழ 3,190 மீட்டர். காற்றின் இழுவையைக் கணக்கில் எடுக்காவிட்டால், இஞ்சினை அணைத்துவிட்டே பிதுருதலாகலையின் 2,524 மீட்டரைத் தாண்டிவிடலாம்.

இதே கணக்கை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் காருக்குப் போட்டுப் பாருங்கள். 14 மீட்டர்தான் வரும். 40 கி.மீ. என்றால் 6 மீட்டர். அதனால்தான் ஏற்றத்துக்கு முன்னால் எக்சிலேட்டரை மிதித்து “ஓட்டம் எடுத்து” ஏறும் பழக்கத்தால் பெரிய பலன் கிடைப்பதில்லை. ரம்பொடை ஏற்றத்தில் அந்த ஓட்டம் ஒரு வளைவுக்குக்கூடப் போதாது, அதற்குப் பிறகு கியர்தான் காரைத் தூக்கவேண்டும். இறங்கும்போது கதை தலைகீழ். நுவரெலியாவில் நிற்கும் கார் கம்பளையைப் பார்த்து 1,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. அத்தனையையும் எங்கேயாவது கரைத்தாகவேண்டும். விமானியின் அனுபவம் மலைச் சாரதிக்கு உண்மையாகக் கைகொடுக்கும் இடம் இந்த இறக்கம்தான். அதற்கு வருவதற்கு முன் விமானங்களையும் காற்றையும் பற்றிக் கொஞ்சம்.

இலங்கை விமானப்படையிடம் 1996இல் கிபிர் போர் விமானமும் 2000இல் மிக்-27 போர் விமானமும் வந்தன. சீனத் தயாரிப்பான எப்-7, பயிற்சிக்கான கே-8 ஆகியவையும் உண்டு. வடக்கு கிழக்கில் கிபிர் என்ற சத்தத்துக்கு என்ன நினைவு இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே பேசுவது இயந்திரத்தின் குணத்தை மட்டும். கிபிர் என்பது பிரெஞ்சு மிராஜ் 5இன் உடலில் அமெரிக்க பேன்டம் விமானத்தின் ஜே-79 இஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் செய்தது. முக்கோண இறக்கை. நேராக ஓடுவதில் கெட்டி. ஆனால் இறுக்கமாகத் திருப்பினால் அந்த இறக்கை வேகத்தை விழுங்கிவிடும், திரும்ப எடுக்க நேரம் பிடிக்கும். எப்-7 மிக்-21இன் வழிவந்தது. சிறியது, வேகமானது, எண்ணெய்தான் கொஞ்சம். மேலே போனதும் இறங்குவதைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கும். மிக்-27இல் இறக்கையையே 16, 45, 72 பாகை என்று மூன்று நிலைகளில் விமானி கையால் மாற்றவேண்டும். மெதுவாகப் போகும்போது விரித்து, வேகமாகப் போகும்போது மடக்கி. தவறான நிலையில் வைத்தால் விமானம் கேட்டபடி நடக்காது. மனுவல் கியர் ஓட்டத் தெரிந்தவருக்கு இது உடனே விளங்கும். நான்கிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் தெரிவு கே-8. அது வேகம் குறைந்ததுதான், ஆனால் பிழையை மன்னிக்கும்.

முக்கோண இறக்கை விமானம் தரையிறங்கும்போது மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால், இன்னும் மெதுவாகப் பறப்பதற்கு இன்னும் அதிக உந்துவிசை வேண்டும். அந்தக் காலத்து ஜெட் இஞ்சின் கேட்டவுடன் விசை தராது, சில வினாடிகள் எடுக்கும். அதனால் விமானி தேவை வருவதற்கு முன்பே விசையைக் கூட்டி வைப்பார். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இஞ்சின் முக்கி முனகத் தொடங்கிய பிறகு இரண்டாம் கியரைத் தேடும் சாரதி அந்தப் பொறிக்குள் விழுந்தவர்தான். வளைவுக்கு முன்பே கியரை மாற்றிக்கொண்டு நுழைய வேண்டும்.

இந்த ஜெட்டுகள் எதற்கும் மலைநாட்டில் ஓடுபாதை கிடையாது. இங்கே வேலை செய்வது ஹெலிகொப்டர்: பெல் 212, எம்ஐ-17. காட்டுத்தீக்கு வாளி கட்டித் தண்ணீர் ஊற்றுவதும், மண்சரிவில் சிக்கியவர்களைத் தூக்குவதும் அவைதான். அவற்றுக்குப் பெரிய எதிரி மெலிந்த காற்று.

நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. வெயில் அடித்து 20 பாகை செல்சியஸ் ஆனால் காற்று இன்னும் மெலியும். விமானிகள் இதை அடர்த்தி உயரம் என்று கணக்கிடுவார்கள். வளிமண்டலத்துக்கான நியம அட்டவணைப்படி அந்த உயரத்தில் 3 பாகைதான் இருக்கவேண்டும். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி சேர்க்கவேண்டும். நகரத்தின் உயரமான 6,128 அடியோடு 17 பாகைக்கு 2,040 அடி சேர்ந்தால் 8,100 அடிக்கு மேல் போய்விடும். ஏப்ரல் வசந்தகாலத்தில் நண்பகல் வெயிலில் உங்கள் காரும் ஹெலிகொப்டரும் சுவாசிப்பது 8,100 அடிக் காற்றைத்தான். டர்போ இல்லாத இஞ்சினில் அப்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தி காணாமல் போகும்.

800 சிசி காரில் ஐந்து பெரியவர்கள் ஏறினால் மொத்த எடை 1,050 கிலோவைத் தொடும். 8 வீத ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஏற சுமார் 11 கிலோவாட் வேண்டும். அந்த இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் கொழும்பிலேயே அந்தளவுதான் தரும், நுவரெலியாவில் 9க்கு இறங்கிவிடும். அதே இஞ்சினை 3,500 சுற்றில் வைத்தால் மலையிலும் 17 கிலோவாட் கிடைக்கும். ஆகவே “சின்ன இஞ்சின், மலைக்கு ஆகாது” என்பது முழு உண்மையல்ல. சின்ன இஞ்சினை அலற விடப் பயப்படும் கால்தான் மலைக்கு ஆகாதது. ஏசி கம்பிரசர் இன்னும் 2 கிலோவாட் அளவுக்கு எடுக்கும். நானுஓயா தாண்டியதும் அதை அணைத்துவிடுங்கள், அங்கே அது தேவையும் இல்லை.

டர்போ உள்ள வாகனத்துக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் அதன் வேலை. இது புதிய வித்தையல்ல. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்து எழுந்த ஹரிகேன் 2 விமானங்களின் மெர்லின் இஞ்சினில் காற்றை அமுக்கித் தள்ளும் இரண்டு வேக சூப்பர்சார்ஜர் இருந்தது. தாழ்வில் ஒரு வேகம், உயரத்தில் மறு வேகம்.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள், ஓட்டோ, மொரிஸ் மைனர் எல்லாவற்றுக்கும் எதிர்த்திசைப் பிரச்சினை. காற்று மெலியும், பெற்றோல் அப்படியே வரும், கலவை 10 வீதத்துக்கு மேல் தடித்துவிடும். பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கருப்புப் புகைப்பூச்சு இருக்கும். சிறிய விமானங்களில் கலவையை மெலிதாக்க விமானிக்குக் கைப்பிடியே உண்டு. நிரந்தரமாக மேலே ஓடும் வண்டிக்கு ஒரு அளவு சிறிய மெயின் ஜெட், அதாவது காபரேட்டரில் பெற்றோல் வரும் துளைமுனை, போட்டுக்கொள்ளலாம். அதே வண்டி நாவலப்பிட்டிக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் போடவேண்டாம், கீழே கலவை மெலிந்து இஞ்சின் சூடாகும்.

இன்னொன்று பல கராஜ்காரர்களே ஏற்கத் தயங்குவது: காபரேட்டரில் பனிக்கட்டி. வெளியே 10, 15 பாகையும் ஈரப் பனிமூட்டமும் இருந்தால் போதும். பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். எக்சிலேட்டரை விட்டு நீண்ட இறக்கம் இறங்கி, கீழே நிறுத்தியதும் இஞ்சின் நடுங்கி அணையும். ஐந்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். அந்தப் பழைய கார்களில் சிலவற்றில் எக்சோஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை இழுக்க ஒரு குழாயும் மூடியும் இருக்கும். அந்தக் குழாய் இல்லாமல் ஓடும் கார்கள் நிறைய உண்டு. முதலில் அதைத் தேடுங்கள், காபரேட்டரைக் கழற்றுவது பிறகு.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் கவனிப்பதில்லை. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை நூறுக்கு மேலே வைத்திருக்கிறது. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. கீழே ஒழுங்காக ஓடும் கார் ஏற்றத்தில் கொதிக்கிறது என்றால், ரேடியேட்டரையே மாற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

இனி இறக்கம். 1,200 கிலோ கார் ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 12 இலட்சம் ஜூல் வெளியாகும். மூன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அவ்வளவையும் நான்கு பிரேக்குகளில் கொட்டலாம், அல்லது இஞ்சினிடம் கொடுக்கலாம். டயர் உருள்வதிலும் காற்றிலும் ஒரு பகுதி போகும். ஆனால் செங்குத்தான இடத்தில் அது சிறு பகுதிதான்.

கியரை எப்போது தெரிவது? உச்சியிலேயே. ஜெட் விமானி ஓடுபாதைக்கு வெகு தூரம் முன்னால் வேகம், சக்கரம், இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் பிளாப் எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிடுவார். குறித்த உயரத்துக்குள் ஒழுங்காகாவிட்டால் இறங்காமல் மேலே எழும்பிவிடுவார். சாரதிக்கு மேலே எழும்பும் வசதி இல்லை, ஆகவே இன்னும் முன்னதாகவே முடிவெடுக்கவேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர், சுமை இருந்தால் ஒன்று குறைவு. பெற்றோல் காரில் 3,000 முதல் 4,000 சுற்று வரை இஞ்சின் கத்தினால் கத்தட்டும், அதற்கு எந்தத் தீங்கும் இல்லை. ஓட்டோமெட்டிக்கில் டி (D) நிலையில் விட்டுவிட்டு இறங்குவது தவறு. எல் (L), 2, எஸ் (S), பி (B) என்று எது இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது நம் பக்கத்தில் ஒழியாத வழக்கம். இன்ஜெக்‌ஷன் உள்ள இஞ்சினில் கியரில் வைத்து எக்சிலேட்டரை விட்டால் எண்ணெய் முழுவதுமாக நிற்கும், சக்கரமே இஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்கள், பிரேக்கையும் எரிக்கிறார்கள். இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர் இன்னும் மோசம். மிதியை இலேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான். மேலே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த உதவியும் கீழே கிடைப்பதைவிடக் குறைவு. ஸ்டியரிங் பவரும் போய்விடும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் காலே பிரித்தறியவேண்டும். மிதி கல் மாதிரிக் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பேட் அல்லது லைனர் சூடேறி வழுக்குகிறது. ஆறினால் திரும்பும். மிதி பஞ்சுபோல அடிவரை போகிறது என்றால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி நிற்கிறது. அப்போது மிதியை வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் கொஞ்சம் அழுத்தம் வரும். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி படிப்படியாக இழுத்து, மலைப்பக்கக் கானிலோ மண்மேட்டிலோ உரசி நிறுத்தவேண்டும். பள்ளப் பக்கம் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

அந்த எண்ணெய் ஏன் கொதிக்கிறது? அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தரப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140 பாகைதான். டொட் 4 என்றால் 230உம் 155உம். வருடத்தில் பாதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றவேண்டும். “குறைந்திருந்தால் ஊற்று” என்பது போதாது. மலைநாட்டில் டொட் 4 போடுவதில் பெரிய செலவு வித்தியாசம் இல்லை.

மிதிக்கும் முறை: காலை மிதியில் வைத்து லேசாக உரசிக்கொண்டே வரவேண்டாம். 40இல் வருகிறீர்கள் என்றால் உறுதியாக மிதித்து 30க்குக் கொண்டுவந்து முழுவதுமாக விடுங்கள். மறுபடி 40 ஆகும்போது மறுபடி மிதியுங்கள். விடும் நேரத்தில் பிரேக் தட்டு ஆறும். காற்று பிரேக் பஸ்ஸிலும் லொறியிலும் அடிக்கடி அடித்து அடித்து மிதித்தால் தாங்கியில் காற்று இறங்கும். சூட்டில் டிரம் விரிவதால் பிரேக்கைத் தள்ளும் தண்டு போகவேண்டிய தூரமும் கூடும். அளவுமானியைப் பார்க்காமல் இறங்கக்கூடாது. புகைக்குழாயை அடைத்து இஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்சோஸ்ட் பிரேக் இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ், வேன், ஓட்டோ மூன்றும் சிக்கி 7 பேர் உயிரிழந்தார்கள். கனரக வாகனத்தில் போகிறவர்கள் அந்தக் குறுக்கு வழியை மறந்துவிடலாம்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. மேலிருந்து இறங்கும்போது முதல் சில கிலோமீட்டரில் பிரேக் சக்தி பெட்டரிக்குப் போகும், எல்லாம் சுகமாக இருக்கும். திரையில் பெட்டரி நிறைந்ததும் அந்த உதவி குறைந்துவிடும், பிறகு வேலை சாதாரணப் பிரேக்குக்கு. ஆகவே பி (B) நிலையை உச்சியிலிருந்தே போடவேண்டும். இஞ்சின் திடீரென்று சத்தமாகச் சுற்றினால் பயப்படாதீர்கள், மிஞ்சிய சக்தியை அது கரைக்கிறது.

ஜெட் தரையிறங்கிய பிறகு பிரேக்கின் சூடு உடனே உச்சத்துக்கு வராது, நின்று சில நிமிடம் கழித்துத்தான் வரும். அதனால்தான் கிபிரும் மிக்கும் பின்னால் பாராசூட் விரித்து முதலில் வேகத்தைக் காற்றில் கரைக்கின்றன. சூடான பிரேக்கோடு நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். காருக்கும் அதே. கீழே வந்து தேநீர்க் கடையில் நிறுத்தினால் கியரில் போட்டு, கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சூடான டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஓட்டோக்காரர்கள் நிறுத்தவேண்டும். வார்ப்பிரும்பு திடீரென ஆறினால் வெடிக்கும், தட்டு நெளியும்.

வளைவுகளுக்கு வருவோம். 720 கி.மீ. வேகத்தில் 6 ஜியில் திரும்பும் ஜெட்டுக்கு வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 700 மீட்டர். அதே ஜியில் வேகத்தை இரட்டித்தால் ஆரை நான்கு மடங்காகும். காருக்கும் இந்த வர்க்கக் கணக்குத்தான். 12 மீட்டர் ஆரை உள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கி.மீ. வேகத்துக்கு 0.26 ஜி பக்கப்பிடி போதும். 30இல் 0.6 ஜி வேண்டும். நனைந்த தாரில், லொறியிலிருந்து கொட்டிய சேறும் இலையும் கிடந்தால், டயர் 0.4 அல்லது 0.5க்கு மேல் தராது. 10 கி.மீ. வித்தியாசம்தான் வீதிக்கும் தேயிலைச் செடிக்கும் இடையே இருக்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் முடியுங்கள். டயரின் பிடியை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

மூடுபனியில் பார்வை 30 மீட்டர் என்று வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஒன்றரை வினாடி கண்டு உணர்வதற்கே 17 மீட்டர் போய்விடும், ஈர வீதியில் நிற்க இன்னும் 12, 13 மீட்டர். சரியாக 30. எதிரே வருபவரும் அதே 30 மீட்டரைத்தான் நம்பி வருகிறார். ஒற்றை வண்டி அகலப் பாதையில் உங்கள் பங்கு 15 மீட்டர், அதற்கான வேகம் 25 கி.மீ. ஹெட்லைட்டை உயர்த்தினால் பனியே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். தாழ்த்தி வையுங்கள்.

பனியில் “இந்நேரம் இந்த இடம் வந்திருக்கவேண்டும்” என்ற மனக்கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். 1974 டிசம்பர் 4 இரவு மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிய மார்ட்டின்ஏர் டிசி-8 அதற்குச் சாட்சி. சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளுடன் கட்டுநாயக்க நோக்கி வந்த விமானம் அது. இறந்தவர்கள் 191 பேர். விமானிகள் தாங்கள் விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்துச் சீக்கிரமே இறங்கிவிட்டார்கள். இஞ்சினிலும் இறக்கையிலும் கோளாறு இல்லை. வீதியில் இதற்கு மாற்று, நேரத்தை வைத்துக் கணக்குப் போடாமல் கிலோமீட்டர் கல், பாலம், கோயில் என்று கண்ணால் கண்ட அடையாளத்தை வைத்து அடுத்த வளைவை எதிர்பார்ப்பது. தினமும் அதே வீதியில் ஓட்டுபவருக்கு இது இன்னும் முக்கியம். பழகிய வீதியில்தான் மனம் அடையாளத்தைத் தேடாமல் விட்டுவிடும்.

வளைவுகளில் வாந்தி வருவது வயிற்றுக் கோளாறல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்ல, போனைப் பார்க்கும் கண் வேறொன்றைச் சொல்கிறது. முன் ஆசனம், தூரத்து வீதியில் பார்வை, திறந்த கண்ணாடி. விமானத்தை ஓட்டுபவருக்கு வராமல் பின்னால் இருப்பவருக்கு வருவதும் இதனால்தான். அடுத்த திருப்பம் எப்போது என்று ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும்.

மலைக்குப் பழைய கார் வாங்கப் போகிறவர் கேட்டால் என் தெரிவு எடை குறைந்த, மனுவல் கியர் உள்ள, சிறிய கார். தோட்டத்துக் கல் ரோட்டில் ஏறுவதென்றால் தரையிலிருந்து 17 செ.மீ. உயரமாவது பார்த்துக்கொள்ளுங்கள். உலர் இரட்டைக் கிளச் கியர், அதாவது இரண்டு கிளச் உள்ள ஒருவகை ஓட்டோமெட்டிக், ஏப்ரல் சீசன் நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து சூடாகும், அதை நான் தவிர்ப்பேன். பார்க்கப் போகும்போது சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே இரண்டாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் அணைந்தால் கிளச் நல்லது. சுற்று ஏறி வண்டி நகராமல் நின்றால் தட்டு தேய்ந்துவிட்டது, அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள். இரண்டு கிலோமீட்டர் இறக்கி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். முன் இரண்டும் சமமாகச் சூடாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கத்தில் பேட்டை அழுத்தும் கலிப்பர் இறுகியிருக்கிறது. குளிர்ந்து கிடந்தால் அது வேலையே செய்யவில்லை.